பொட்டு வைத்த நட்டுகள்

நவம்பர் 2, ஞாயிறு

பழைய நோட்டு அக்டோபரோடு தீர்ந்தது. இது புதியது. முதல் பக்கத்தில் எழுத நல்ல விஷயம் ஏதாவது இருந்தால் தேவலை என்று பார்த்தேன். மழைதான் இருக்கிறது.

தூறலிலும் எட்டரைக்கே எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் ஆள் சேர்ந்துவிட்டது. பழைய கார் வைத்திருப்பவர்கள் ஞாயிறுதோறும் கூடுவது இங்கேதான். பெர்னார்டு அண்ணன் குடையோடு வந்தார். நவ்ஷாத் ஸ்கூட்டரில் தொப்பலாக நனைந்து வந்தான். வீட்டில் காரை வைத்துக்கொண்டு ஏன் நனைகிறாய் என்று கேட்டால், மழையில் பியட்டை எடுத்தால் கதவு துருப்பிடித்துவிடுமாம். உனக்குத் துருப்பிடித்தால் பரவாயில்லையா என்றார் அண்ணன். எனக்கு ஸ்பேர் கிடைக்கும், பியட்டுக்குக் கிடைக்காது என்றான் அவன்.

அண்ணன் டெலிபோனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய மோரிஸ் மைனர் ஒன்பது வருடமாகத் துண்டு துண்டாக இருக்கிறது. எஞ்சின் படுக்கையறையில், கதவுகள் மாடியில். கோவையிலேயே மழையில் நனையாத ஒரே கார் அதுதான் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் அவரைக் கேலி செய்தார். அண்ணன் வழக்கம்போல அடுத்த தை மாதம் ரோட்டில் ஏறும் என்றார். எந்தத் தை என்று யாரும் கேட்கவில்லை.

வருகிற 23ஆம் தேதி கோத்தகிரி போவதென்று முடிவாகியிருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை போவதுதான். மழை விட்டால் போகலாம், விடாவிட்டால் அடுத்த மாதம். நவ்ஷாத்தின் அம்மாவும் வருகிறார்கள். ஏசி வண்டியில் அவர்களுக்குக் குமட்டுகிறதாம். மகனின் பியட்டில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வந்தால் ஒன்றும் செய்வதில்லையாம்.

பேச்சுக்கு நடுவில் ஏதோ கருகும் வாசனை வந்தது. இவர் என் ஹெரால்டு காரின் எஞ்சினைச் சூடாக ஓடவிட்டுக் குனிந்திருந்தார். இடது கை புகைக்குழாயின் மேல் இருந்தது. நான் கத்திய பிறகுதான் எடுத்தார். இரண்டு விரல் நுனி வெந்திருந்தது. "கவனிக்கலை" என்றார். இரும்பு மனுஷன் என்று நவ்ஷாத் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள்.

பேச்சு மும்முரத்தில் கவனம் போயிருக்கும். மதியம் டீ தம்ளரை வேறு கீழே போட்டார். ஈரக்கை.

நவம்பர் 4, செவ்வாய்

ஷெட்டைப் பெருக்கினேன். பணிமேசைக்கு அடியில் மூன்று ஸ்பிளிட் பின்கள் கிடந்தன. நட்டு கழன்றுவிடாமல் இருக்க, குறுக்கே செருகி முனையை வளைத்துவிடுவோமே, அந்தப் பின்கள். மூன்றுமே வளையாதவை. புத்தம் புதியவை.

அதிகமாக வாங்கியிருப்பார். டப்பாவில் போட்டு வைத்தேன்.

நவம்பர் 6, வியாழன்

மில் லேபில் இன்று ஈரப்பதம் எண்பதைத் தாண்டிவிட்டது. இந்த மாதம் முழுக்க இப்படித்தான் இருக்கும். நூலை இயந்திரத்தில் மாட்டி, அறுகிறவரை இழுத்து, அறுந்த இடத்தின் எண்ணைக் குறிக்கிற வேலை எனக்கு. இருபத்திரண்டு வருடமாக நூல் அறுப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன் என்று இவர் கேலி செய்வார். எண் இல்லாமல் எதையும் நம்ப எனக்கு வராது. இவருக்கு நேரெதிர். இத்தனை இறுக்கம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர் ஒன்றைப் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தேன். பெட்டியைப் பிரிக்கவே இல்லை. கை சொல்லிவிடுமாம்.

சொல்லத்தான் செய்தது. பம்பு கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் மெயின்டெனன்ஸில் இருந்த கை. மே மாதம்தான் தானாகக் கேட்டு ஸ்டோர்ஸுக்கு மாறிக்கொண்டார். சின்னவர்களுக்கு வழிவிட வேண்டும் என்றார். பெருந்தன்மை என்று நானும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

சட்டை போடுவதையும் நிறுத்திவிட்டார். எல்லாம் பட்டன் இல்லாத டீ-ஷர்ட். ஐம்பத்திரண்டு வயதில் வாலிபம் திரும்புகிறது என்றேன். ஆமாம் என்றார்.

நவம்பர் 8, சனி

முதலில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இவர் கம்பெனிக்குப் போன பிறகு ஹெரால்டுக்குக் கிரீஸ் வைக்கலாம் என்று அடியில் படுத்தேன். இது என் வண்டி. நீலம். கிரீஸ் வைப்பது என் வேலை, முடுக்குவது இவர் வேலை. அப்படித்தான் பதினோரு வருடமாக நடக்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரத்தைத் திருப்புகிற கம்பி இருக்கிறதே, டைராட், அதன் வலது முனையைத் துணியால் துடைத்தேன். நட்டு துணியோடு சேர்ந்து சுழன்றது.

துணியோடு. ஸ்பேனர் இல்லை, பலமாகக் கூடப் பிடிக்கவில்லை.

குறுக்கே பின் இல்லை. துளை காலியாக இருந்தது. நட்டின் மேல் மஞ்சள் பொட்டு இருந்தது.

பொட்டைப் பற்றி எழுத வேண்டும். ஒரு நட்டை முழுக்க முடுக்கி, பின் செருகி முடித்ததும், இவர் பழைய பிரஷ்ஷின் முனையால் மஞ்சள் பெயின்ட் ஒரு துளி வைப்பார். ஒருவேளை பாதியில் எழுந்து போனாலும் எது முடிந்தது எது முடியவில்லை என்று தெரியவேண்டும் என்பதற்காகக் கம்பெனியில் பழகியது. இப்போது எங்கள் கூட்டத்துக்கே அது பாஷை. பொட்டு வெச்சாச்சா என்றால் வேலை முடிந்ததா என்று அர்த்தம். நவ்ஷாத் பேக்கரியில் கேக் டப்பாவுக்குக் கூடப் பொட்டு வெச்சாச்சு என்பானாம். பொட்டு வைத்த நட்டில் இன்னொருவர் ஸ்பேனர் போடக் கூடாது. எழுதாத சட்டம் அது. நான்கு வருடத்துக்கு முன்னால் பீளமேட்டுக்காரர் ஒருவர் சும்மா ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன் என்று பொட்டின் மேல் ஸ்பேனர் போட்டார். இவர் ஒன்றும் சொல்லாமல் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டார். அந்த மனிதர் அதற்குப் பிறகு வரவில்லை.

நான் முடுக்கினேன். டப்பாவிலிருந்து ஒரு பின்னை எடுத்துச் செருகி வளைத்தேன். வெளியே வந்து கை கழுவிக்கொண்டு வெகுநேரம் குழாயடியிலேயே நின்றேன்.

ஒருமுறை மறந்திருக்கலாம். யாருக்கும் ஒருமுறை மறக்கும்.

நவம்பர் 9, ஞாயிறு

நல்ல மழை. அப்படியும் வந்தார்கள். தகரக் கூரையின் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசினோம். போன வருடம் கோத்தகிரியில் அண்ணன் அட்டையைப் பார்த்துவிட்டு ஓடிய கதையை நவ்ஷாத் நடித்துக் காட்டினான். அட்டை தன்னைத் துரத்தியது என்று அண்ணன் சத்தியம் செய்தார்.

இவர் சிரித்துக்கொண்டே கார்புரேட்டரின் சின்னத் திருகைப் பொருத்தப் பார்த்தார். மூன்று முறை கீழே விழுந்தது. ஒவ்வொரு முறையும் குனிந்து தேடுகிற சாக்கில் வெகுநேரம் குனிந்தே இருந்தார். நான் அங்கே பார்க்கவில்லை. பக்கோடா போட உள்ளே போய்விட்டேன்.

அண்ணன் தட்டு வாங்க வந்தபோது, லேபில் யாரோ கேட்டார்கள் என்பதுபோல, டைராட் முனையில் பின் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகாதும்மா. அந்த முனை கூம்பு மாதிரிதான, தானா கவ்விக்கிட்டு நிக்கும். ஸ்டீயரிங் நல்லாவே இருக்கும். நாலு நாள் நிக்கும், நாலு மாசங்கூட நிக்கும்." பக்கோடா ஒன்றை எடுத்து ஊதினார். "ஒரு வளைவுல நிக்காது."

பிறகு என் முகத்தையே பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன்.

நவம்பர் 10, திங்கள்

லேபுக்கு லீவு சொன்னேன். ஹெரால்டில் இந்த வருடம் வைத்த பொட்டுகள் பதினான்கு. எல்லாவற்றிலும் ஸ்பேனர் போட்டேன். எட்டாம் தேதி பார்த்ததையும் சேர்த்து நான்கு தளர்ந்திருந்தன.

நவம்பர் 12, புதன்

எழுத வேண்டாம் என்றுதான் நேற்று நோட்டைத் தொடவில்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் நவ்ஷாத்தின் பியட்டுக்கு முன்பக்கம் முழுக்க இவர்தான் வேலை பார்த்தார். இரண்டு பக்கமும் புது டைராட் முனை. நான் வீட்டில் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தேன். "பொட்டு வெச்சாச்சு, தைரியமா ஓட்டுடா" என்று இவர் சொன்னது சமையலறைவரை கேட்டது. அவன் அன்றைக்குப் பியட்டிலேயே வீடு போனான். அதற்குப் பிறகு மழை. வண்டி ஷெட்டுக்கு வரவே இல்லை.

நான் பெருக்கி எடுத்த பின்கள் மூன்று. என் வண்டியில் பின் இல்லாத இடம் இரண்டுதான். மற்ற இரண்டில் நட்டுதான் தளர்ச்சி, பின் தேவைப்படாத இடம். அப்படியானால் மூன்றாவது பின் எந்த வண்டியுடையது.

அதிகமாக வாங்கியிருப்பார் என்று 4ஆம் தேதி எழுதியிருக்கிறேன். அதைப் படித்தேன்.

இன்று வாட்ஸ்அப்பில் நவ்ஷாத் எழுதியிருக்கிறான்: மழை விட்ட கேப்பில் அம்மாவை ஆஸ்பத்திரி வரை பியட்டில் கூட்டிப்போனேன், ஸ்டீயரிங் வெண்ணெய் மாதிரி இருக்கு மூர்த்திண்ணே. இவர் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பியிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த ஒரு படத்தை அழுத்த நான்கு முறை தவறிப்போய் வேறு வேறு படம் வந்து அழித்தார்.

ஒரு போன் செய்தால் போதும். நவ்ஷாத், வண்டியை ஒருமுறை பார்த்துக்கொள். அவ்வளவுதான். ஏன் அக்கா என்று கேட்பான். கேட்டால் என்ன சொல்வேன். இவருக்கு இருப்பது இந்தக் கையும் இந்த ஞாயிறும். எனக்கும் வேறென்ன இருக்கிறது. திங்கள் முதல் சனிவரை இந்த வீட்டில் இரண்டு பேர் சாப்பிட்டாச்சா, மோட்டார் போட்டாச்சா என்பதைத் தவிர என்ன பேசுகிறோம்.

நவம்பர் 14, வெள்ளி

ஒரு மணிக்கு நவ்ஷாத் தொழுகைக்குப் போயிருப்பான் என்று கணக்குப் போட்டு உக்கடம் போனேன். பேக்கரிக்குப் பின்னால்தான் வீடு. வாசலுக்கு உள்ளே பியட், போர்வை போர்த்தி இருந்தது. அவன் அம்மா மெஹருன்னிசா வந்து கதவைத் திறந்தார்கள். போன ஞாயிறு என் குடையை அவன் மாற்றி எடுத்து வந்துவிட்டான் என்று பொய் சொன்னேன். குடையைத் தேட உள்ளே போனார்கள். புடவையோடு தரையில் மண்டியிட்டு, போர்வையைத் தூக்கி, போன் வெளிச்சத்தில் வலது சக்கரத்துக்குப் பின்னால் பார்த்தேன்.

பொட்டு இருந்தது. பின்னும் இருந்தது. அழகாக வளைத்திருந்தார்.

இடது பக்கம் சுவரை ஒட்டி நின்றது. ஒரு சாண் கூட இடைவெளி இல்லை. குனிந்து அடியில் கையை நீட்டிப் பார்ப்பதற்குள் அம்மா வந்துவிட்டார்கள். என்னம்மா தேடுறே என்றார்கள். கம்மல் திருகாணி விழுந்துவிட்டது என்று அடுத்த பொய். அவர்களும் குனிந்து தேட ஆரம்பித்தார்கள். எழுபது வயது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு அந்த வண்டியின் கீழே எனக்காகத் தேடினார்கள்.

அப்புறம் டீயும் வர்க்கியும் கொடுத்தார்கள். கோத்தகிரியில் எங்கே சாப்பிடப் போகிறோம், பிரியாணி கட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டார்கள். முன் சீட்டு தனக்குத்தான் என்று மகனிடம் சொல்லி வைத்துவிட்டார்களாம். முன் சீட்டு என்றால் இடது பக்கம்.

வலது பக்கம் சரியாக இருக்கும்போது இடது பக்கமும் சரியாகத்தான் இருக்கும். பஸ்ஸில் வரும்போது இதையே சொல்லிக்கொண்டு வந்தேன். ஒரு நூல் கோனில் பத்து இழை எடுத்து ஒன்று நன்றாக இருந்தால் மீதி ஒன்பதும் நன்றாக இருக்கும் என்று லேபில் யாராவது எழுதிக் கொடுத்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

காலையிலிருந்து அடைமழை. அண்ணன் மட்டும் வந்தார். இவர் வந்தவரை உட்காரச் சொல்லிவிட்டு, குளிர் என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். நானும் அண்ணனும் ஷெட்டில் இருந்தோம்.

அண்ணன் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. கடைசியில் ஹெரால்டின் சக்கரத்தை லேசாகத் தட்டி, "இதுல எத்தனை" என்று கேட்டார்.

நான்கு என்றேன்.

ஆகஸ்டிலேயே தனக்குத் தெரியும் என்றார். தன் மோரிஸின் பிரேக் டிரம்மை இவர் பூட்டிக் கொடுத்தபோது வீட்டில் போய்க் கையால் கழற்ற முடிந்ததாம். தன் வண்டி ஓடப்போவதில்லை, தான் ஏன் பேச வேண்டும் என்று விட்டுவிட்டாராம். "நீ கூடவே இருக்கற பொம்பள. பின்னாடியே பாத்து முடுக்கிட்டு இருப்பேன்னு நெனச்சுக்கிட்டேம்மா."

நான் பார்க்கவில்லை. என் வண்டியைக் கூட எட்டாம் தேதிதான் பார்த்தேன்.

நவ்ஷாத்தின் வண்டியைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மாறியது. இரண்டு பேரும் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இவரைத் தலைகுனிய வைக்காமல் எப்படிச் சொல்வது என்று யோசித்தோம். எதுவும் தோன்றவில்லை. இப்படியே பெய்தால் பயணம் தள்ளிப்போகும், அதற்குள் ஏதாவது சாக்கில் வண்டியை இங்கே வரவழைத்துவிடலாம் என்று அண்ணன் சொன்னார். நானும் ஆமாம் என்றேன்.

இரண்டு படித்தவர்கள். ஒரு போன் பண்ணாமல் மழையை நம்புகிறோம்.

நவம்பர் 18, செவ்வாய்

மழை. மேட்டுப்பாளையம் பக்கம் ரோட்டில் மரம் விழுந்ததாம். நல்லது.

நவம்பர் 19, புதன்

மழை. மண் சரிவு எச்சரிக்கை. குழுவில் எல்லோரும் வானத்தைத் திட்டுகிறார்கள். நவ்ஷாத் மழையை நிறுத்த பியட்டுக்குத் திருஷ்டி சுற்றிப் போடலாமா என்று கேட்டிருக்கிறான். நானும் அழுகிற பொம்மை ஒன்று அனுப்பினேன்.

இவர் விரல் கொப்புளம் இன்னும் ஆறவில்லை. வலிக்கிறதா என்று கேட்டேன். வலித்தால் சொல்ல மாட்டேனா என்றார்.

நவம்பர் 20, வியாழன்

மழை. நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நவம்பர் 21, வெள்ளி

காலையில் ஜன்னலைத் திறந்தால் வெயில். கழுவி வைத்த மாதிரி நீலம். மருதமலை தெளிவாகத் தெரிந்தது.

பத்து மணிக்குள் குழுவில் நாற்பது செய்தி. ஞாயிறு காலை ஆறு மணி, மேட்டுப்பாளையத்தில் டீ, அங்கிருந்து மேலே. பியட், ஹெரால்டு, அண்ணன் எங்களோடு.

லேபில் ஒரு நூலை மாட்டிவிட்டு இழுக்க மறந்து நின்றுகொண்டிருந்தேன்.

நவம்பர் 22, சனி

இன்று சொல்லிவிடுவது என்று இருந்தேன்.

கணபதியில் ஒரு கல்யாணம். டீ-ஷர்ட்டில் போக முடியாது. கண்ணாடி முன்னால் இவர் முதல் பட்டனோடு போராடிக்கொண்டிருந்தார். நான் போய் ஒன்றும் சொல்லாமல் போட்டுவிட்டேன். ஏழு பட்டன். ஐந்தாவது வரும்போது, "ஏனுங்க, டாக்டரப் பாக்கலாமா" என்றேன். குளிர் என்றார். வெயிலடிக்குதுங்க என்றேன். சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கும், மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்றார். நவ்ஷாத் வண்டியை என்று ஆரம்பித்தேன். "அவன் வண்டிக்கு என்ன, பொட்டு வெச்சு அனுப்பிருக்கேன்" என்றார். குரலில் ஒரு அவசரம் இருந்தது. என் கண்ணைப் பார்க்கவில்லை. நானும் ஆறாவது பட்டனைப் பார்த்தேன்.

நவ்ஷாத்துக்குப் போன் செய்து, அம்மா நாளைக்கு ஹெரால்டில் என்னோடு வரட்டும் என்றேன். அதைவிட வேறு வேண்டுமா அக்கா என்று என்னிடம் சொல்லிவிட்டு அம்மாவிடம் கேட்டான். அந்தப் பக்கத்திலிருந்து, என் மகன் வண்டி இருக்க நான் எதற்கு அடுத்த வண்டியில் ஏற வேண்டும் என்று சிரிப்புச் சத்தம் கேட்டது.

போனை வைத்துவிட்டேன். கையில் போன் இருந்தது, அவன் குரல் இருந்தது. வைத்துவிட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு, மாலை

காலையில் நவ்ஷாத் வண்டிக்குப் பின்னால்தான் ஓட்டினேன். இவர் பக்கத்தில், அண்ணன் பின் சீட்டில். முன் சக்கரம் பின்னாலிருந்து தெரியாது. ஆனாலும் அங்கேயே பார்த்துக்கொண்டு வந்தேன். பியட் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் என் கால் பிரேக்குக்குப் போனது. ஏம்மா இவ்வளவு மெதுவா என்று இவர் கேட்டார். அண்ணன் வெயிலைப் பற்றி ஏதோ பேசினார். நாற்பது கிலோமீட்டர் கூட இல்லை. துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை என்று ஒவ்வொரு ஊர்ப் பலகையையும் எண்ணினேன்.

மேட்டுப்பாளையத்தில் டீக்கடை முன்னால் நிறுத்தினோம். எதிரே மலை. அடுக்கடுக்காக மேகம் ஏறிக்கொண்டிருந்தது. மெஹருன்னிசா அம்மா இறங்கவே இல்லை. முன் சீட்டிலிருந்தபடியே ஜன்னல் வழியாக டீ வாங்கிக் குடித்தார்கள். நவ்ஷாத் சாவியைப் பெஞ்சில் வைத்துவிட்டு வடை எடுக்கப் போனான்.

நான் அந்தச் சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். நினைத்துச் செய்யவில்லை. செய்த பிறகுதான் தெரிந்தது, இனிமேல் பேசித்தான் ஆகவேண்டும் என்று.

"நவ்ஷாத், வண்டி மேல ஏற வேண்டாம். இடது பக்க டைராட்டப் பாக்கணும்."

அவன் வடையோடு நின்றான். விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கத் தயாரானான். இவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் பொட்டு வெச்சிருக்கேன்ல" என்றார், மெதுவாக.

"பொட்டு இருக்குதுங்க" என்றேன். "பின் இருக்காது."

அண்ணன் போய் ஜாக்கியை எடுத்து வந்தார். அம்மாவைக் கைப்பிடித்து இறக்கிப் பெஞ்சில் உட்கார வைத்தேன். டயர் பஞ்சரா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். கடைசிப் பொய் அதுதான் என்று நினைக்கிறேன்.

நவ்ஷாத் வெள்ளைச் சட்டையோடு தரையில் படுத்து உள்ளே போனான். கொஞ்ச நேரம் அவன் கால் மட்டும் தெரிந்தது. வெளியே வந்தபோது இரண்டு விரலுக்கு நடுவில் அந்த நட்டு இருந்தது. ஸ்பேனர் கேட்கவே இல்லை. நட்டில் மஞ்சள் பொட்டு பளிச்சென்று இருந்தது.

அவன் இவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். "அன்னிக்கு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தது இதுக்குத்தானாக்கா" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "அதுக்கப்புறம் அம்மாவ ரெண்டு தடவ ஆஸ்பத்திரி கூட்டிட்டுப் போயிருக்கேன்." அவ்வளவுதான் சொன்னான். திட்டியிருக்கலாம். அம்மாவுக்கு ஒரு டாக்ஸி பிடிக்கப் போனான். டாக்ஸி வந்ததும் ஏசி போட வேண்டாம் என்று டிரைவரிடம் இரண்டு முறை சொன்னான். அம்மா பிரியாணித் தூக்குச்சட்டியை என் மடியில் வைத்துவிட்டு, நீங்களாவது போய்ட்டு வாங்கம்மா என்றார்கள்.

அண்ணனும் அவனும் நட்டை முடுக்கிப் பின் போட்டார்கள். அண்ணன் பியட்டில் அவனோடு திரும்புவதாகச் சொன்னார். நானும் இவரும் ஹெரால்டில் ஏறினோம்.

காரமடை தாண்டினோம். இவர் கைகளை மடியில் மல்லாக்க வைத்திருந்தார், யாரோ தங்கள் கைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனதுபோல.

"எப்பருந்து தெரியும்?" என்று கேட்டார்.

"ரெண்டு வாரம்."

தலையாட்டினார். ரோட்டையே பார்த்துக்கொண்டு, "எனக்கு ஏப்ரல்லருந்து" என்றார்.

வண்டியை ஓரம் கட்டினேன். ஓட்ட முடியவில்லை.

அவராகவே சொன்னார். முதலில் விரல் நுனி மரத்துப்போனது. பிறகு நட்டு இறுகியதா இல்லையா என்று கை சொல்வதை நிறுத்திவிட்டது. கம்பெனியில் ஒரு பெல்ட் கவர் கழன்று விழுந்து ஒருவன் தோளை உரசிப்போனதாம். அன்றைக்கே ஸ்டோர்ஸுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். பின் செருக முடியாது. மெல்லிசாக இருப்பது விரலுக்குத் தெரியாது, நழுவிவிடும். ஒவ்வொருமுறையும் அப்புறம் என்னைக் கூப்பிட்டுப் போடச் சொல்லலாம் என்று நினைத்துக்கொள்வாராம். அதற்குள் யாராவது ஷெட்டுக்குள் வந்து, பொட்டு வெச்சாச்சா என்று கேட்பார்களாம்.

"கேட்டா என்னனு சொல்றது" என்றார். "வெச்சுட்டேன்."

அப்போது எனக்கு வந்த பயம் இந்த மூன்று வாரத்தில் வந்த எதையும் போல இல்லை. இரண்டு வாரம் மூடி வைத்த நான் அவரை என்ன கேட்க முடியும். ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். ஏப்ரலிலிருந்து யார் யார் வண்டி.

அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல, வண்டிப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினேன். எங்களையும் நவ்ஷாத்தையும் அண்ணனையும் சேர்க்காமல் ஆறு பேர். சூலூர் ஆசிரியர், போத்தனூர் சகோதரர்கள், இப்படி. எல்லோரும் நல்லெண்ணத்தில் வந்து, டீ குடித்து, பொட்டை நம்பி ஓட்டிக்கொண்டு போனவர்கள்.

நான் பேசட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நம்பரை மட்டும் போட்டுக் கொடு என்றார். ஒவ்வொரு எண்ணையும் நான் அழுத்தி அவர் காதில் பிடித்தேன். "மூர்த்தி பேசறேங்க. உங்க வண்டில நான் செஞ்ச வேலை சரியில்லீங்க. வேற ஆள விட்டுப் பாக்கற வரைக்கும் வெளிய எடுக்காதீங்க." ஏன் என்று கேட்டவர்களிடம், கை சரியில்லை என்றார். சூலூர் ஆசிரியர் விளையாடாதீங்க என்று சிரித்தார். இவர் அதே வாக்கியத்தைத் திரும்ப முதலிலிருந்து சொன்னார். நான்காவது போனில் குரல் உடைந்தது. இருந்தும் முழுக்கச் சொன்னார்.

ஆறாவது பொள்ளாச்சி சிவசண்முகம். ஜூலையில் அவருடைய அம்பாசடருக்கு முன்பக்கம் முழுவதும் இவர்தான் பார்த்தார். வெகுநேரம் மணி அடித்தது. வைத்துவிட்டு மறுபடி போட்டேன். அவர் மனைவி எடுத்தார்கள். பின்னால் காற்றுச் சத்தமும் எஞ்சின் சத்தமும் கேட்டன. ஒரு குழந்தை எண்ணிக்கொண்டிருந்தது, பதினொன்று, பன்னிரண்டு என்று.

"அவரு ஓட்டிட்டிருக்காருங். வால்பாறை போறோம். பசங்க வளைவு எண்ணிட்டு வராங்க. ஏனுங், ஏதாச்சும் அவசரமுங்களா?"

இவர் என் கையிலிருந்து போனை வாங்கினார். பிடி நிற்காமல் நழுவப் பார்த்தது. இரண்டு கைகளாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"ஓரங்கட்டச் சொல்லும்மா" என்றார். "இப்பவே. அடுத்த வளைவு வரைக்கும் போக வேண்டாம். மலைப்பக்கமா ஓரங்கட்டச் சொல்லு."

அந்தப் பக்கம் யாரோ யாரிடமோ ஏதோ கேட்டார்கள். குழந்தை எண்ணுவதை நிறுத்தியது. எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் கேட்டுக்கொண்டே இருந்தோம். ஹேண்ட் பிரேக் இழுக்கிற சத்தம் வந்தது.